கம்பியில் யார் முதலில் பேசுவது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினி என்றதும் இன்று எல்லாரும் இணையத்தைப் பற்றியே பேசுகிறோம். உலகத்தின் மறுகோடியில் இருப்பவரோடு நொடியில் உரையாட முடிகிறதே என்று வியக்கிறோம். அந்த வியப்பு நியாயமானதுதான். ஆனால், இணையம் நம் வீட்டு வாசல் வரைதான் வருகிறது. வாசலைத் தாண்டிய பிறகு, கூடத்தில் இருக்கும் தொலைக்காட்சிக்கும், மகளின் மடிக்கணினிக்கும், தாத்தாவின் கைத்தொலைபேசிக்கும், மூலையில் இருக்கும் அச்சு இயந்திரத்துக்கும் செய்தியைப் பிரித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறொன்று. அந்த வேறொன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு வீடு, ஓர் அலுவலகம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருத்துவமனை என்ற ஓர் எல்லைக்குள் இருக்கும் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஏற்பாட்டை உள்ளக வலையமைப்பு என்கிறோம். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘லேன்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

கணினிகளைக் கம்பியால் இணைப்பது பெரிய காரியமில்லை. இணைத்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரே நேரத்தில் இருவர் பேசினால் என்ன செய்வது? பேசுவது யாருக்கு என்று எப்படித் தெரியும்? இதற்கெல்லாம் விதி வகுக்கும் உரிமை யாருக்கு? லேன் என்பதன் வரலாறு, இந்த மூன்று கேள்விகளுக்கு மனிதர்கள் தேடிய விடைகளின் வரலாறு. அந்த விடைகளில் இருந்த நல்லெண்ணமே லேனை உலகமெங்கும் பரப்பியது. அதே நல்லெண்ணம்தான் இன்று நம்மைக் கவலைப்படவும் வைக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

ஒரே கட்டடம், ஆனால் தனித்தனித் தீவுகள்

1960களில் ஒரு நிறுவனத்துக்கு ஒரு கணினி இருந்தாலே பெரிய செய்தி. ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த இயந்திரத்தில் பலர் முறை வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். ஒரே ஒரு கணினி இருக்கும்போது, கணினிகளை இணைக்க வேண்டும் என்ற பேச்சே எழவில்லை.

1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி, அமெரிக்கத் தற்காப்பு அமைச்சின் நிதியில் உருவான ஆர்ப்பாநெட் வழியாக, லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பல்கலைக்கழகக் கணினி ஒன்று ஸ்டான்ஃபோர்ட் ஆய்வுக் கழகத்தின் கணினிக்கு முதல் செய்தியை அனுப்பியது. இன்றைய இணையத்துக்கு அதுவே விதை. ஆனால் அது ஊருக்கு ஊர் போடப்பட்ட நெடுஞ்சாலை. விநாடிக்கு 50,000 துணுக்குகளை, அதாவது 50,000 ‘பிட்’களை, ஏற்றிச் செல்லும் தொலைபேசித் தடங்களை அது வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தியது. அடுத்த மேசையில் இருக்கும் கணினியோடு பேசுவதற்கு அத்தகைய ஏற்பாடு பொருந்தாது. தெருவைக் கடக்க விமானச் சீட்டு வாங்குவது போல் இருக்கும்.

பிறகு கணினிகள் சிறுத்தன, பெருகின. ஒரே கட்டடத்தில் பத்து, இருபது என்று வந்துவிட்டன. ஆனால் ஒன்றில் இருக்கும் கோப்பை இன்னொன்றுக்குக் கொண்டுபோக, நாடாவிலோ வட்டிலோ பதிந்து கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். விரலியைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் மேசைக்கு மேசை நடந்தவர்களுக்கு அந்தச் சிரமம் புரியும்.

அலைகளுக்கு நடுவே பிறந்த யோசனை

வழி பிறந்தது ஹவாய்த் தீவுகளில். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கணினி ஒவாஹு தீவில் இருந்தது. மற்றத் தீவுகளில் இருப்பவர்களும் அதைப் பயன்படுத்த வேண்டும். நடுவே கடல். பேராசிரியர் நார்மன் அப்ராம்சனும் அவருடைய குழுவினரும் கம்பியை விட்டுவிட்டு வானொலி அலைகளை எடுத்துக்கொண்டார்கள். 1971 ஜூன் மாதம் இயங்கத் தொடங்கிய அந்த ஏற்பாட்டுக்கு ‘அலோஹாநெட்’ என்று பெயர். அலோஹா என்பது ஹவாய் மக்களின் வணக்கச் சொல்.

எல்லாத் தீவுகளும் ஒரே அலைவரிசையில் பேசின. யார் எப்போது பேசுவது? அப்ராம்சன் வகுத்த விதி வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. பேச வேண்டியிருந்தால் பேசிவிடு. நடுவில் இருக்கும் நிலையம் ‘கிடைத்தது’ என்று பதில் சொன்னால் சரி. பதில் வரவில்லை என்றால், வேறு யாரோ அதே நேரத்தில் பேசி இரண்டும் மோதிவிட்டன என்று பொருள். சிறிது நேரம் பொறுத்திருந்து மறுபடி அனுப்பு. எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை ஒவ்வொருவரும் குருட்டாம்போக்கில், தாயக்கட்டை உருட்டுவது போல் முடிவு செய்துகொள்ள வேண்டும். இருவரும் ஒரே அளவு நேரம் பொறுத்தால் மறுபடியும் மோதுவார்கள் அல்லவா?

இந்த முறையில் அலைவரிசையின் திறனில் அதிகபட்சம் சுமார் 18 விழுக்காடுதான் பயன்படும் என்று கணக்குச் சொன்னது. மீதியெல்லாம் மோதலிலும் காத்திருப்பிலும் வீண். இருந்தாலும் அது வேலை செய்தது. முறை வைத்து அழைக்கும் தலைவர் இல்லாமலே பல இயந்திரங்கள் ஒரு பாதையைப் பகிர்ந்துகொள்ள முடியும் என்று நிரூபித்தது.

ஓர் அச்சு இயந்திரத்தின் அவசரம்

காட்சி இனிக் கலிஃபோர்னியாவுக்கு மாறுகிறது. நகல் இயந்திரங்களால் புகழ்பெற்ற ஜெராக்ஸ் நிறுவனம் 1970-ல் பாலோ ஆல்டோ நகரில் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கியது. அங்கே ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு கணினி என்ற எண்ணத்தோடு ‘ஆல்டோ’ என்ற கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதே மையத்தில் லேசர் அச்சு இயந்திரமும் உருவாகிக்கொண்டிருந்தது. அது விநாடிக்கு ஒரு பக்கம் அச்சிடக்கூடியது, அங்குலத்துக்கு 500 புள்ளிகள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டரைக்குப் பதினோரு அங்குலத் தாளில் அங்குலத்துக்கு 500 புள்ளி என்றால் மொத்தம் சுமார் 2 கோடியே 30 லட்சம் புள்ளிகள். அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த, விநாடிக்கு 9,600 துணுக்கு வேகமுள்ள கம்பியில் இவற்றைப் புள்ளி புள்ளியாக அனுப்பினால் ஒரு பக்கம் போய்ச் சேர 40 நிமிடம் ஆகும். விநாடிக்கு ஒரு பக்கம் அச்சிடும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு 40 நிமிடம் காத்திருப்பதா?

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் பொறுப்பு ராபர்ட் மெட்காஃப் என்ற இளைஞரிடம் வந்தது. அவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு அளித்த ஆய்வேடு, கோட்பாட்டு ஆழம் போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் அப்ராம்சனின் கட்டுரை அவர் கண்ணில் பட்டது. அதில் இருந்த கணக்கை மேலும் ஆராய்ந்து, ஆய்வேட்டில் சேர்த்துப் பட்டம் பெற்றார். அதோடு, ஹவாயில் வானொலி அலையில் நடந்ததை ஒரு கம்பிக்குள் நடத்தினால் என்ன என்றும் யோசித்தார்.

1973 மே 22-ஆம் தேதி அவர் எழுதிய உள் குறிப்பில் ‘ஈதர்நெட்’ என்ற பெயர் இடம்பெற்றது. ஒளி பயணம் செய்வதற்கு ‘ஈதர்’ என்ற கண்ணுக்குத் தெரியாத ஊடகம் வெளியெங்கும் நிறைந்திருக்கிறது என்று 19-ஆம் நூற்றாண்டு அறிவியலாளர்கள் நம்பினார்கள். 1887-ல் மைக்கேல்சன், மோர்லி இருவரும் செய்த சோதனை அந்த நம்பிக்கையை ஆட்டம் காண வைத்தது. அறிவியல் கைவிட்ட அந்தச் சொல்லை மெட்காஃப் எடுத்துக்கொண்டார். கம்பியானாலும் வானொலியானாலும் சரி, எல்லாருக்கும் பொதுவான ஓர் ஊடகம் என்பது அவர் கருத்து.

டேவிட் போக்ஸ் என்ற பொறியாளர் அவருக்குத் துணை நின்றார். அதே ஆண்டு நவம்பர் மாதம் ஈதர்நெட் இயங்கியது. வேகம் விநாடிக்கு 29 லட்சத்து 40 ஆயிரம் துணுக்குகள். முன்பு சொன்ன 40 நிமிடம் எட்டு விநாடியாகக் குறைந்தது.

பேசும் முன் கேள்

ஈதர்நெட்டின் விதியை நம் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டே விளக்கலாம். கல்யாணப் பேச்சுக்கு இரு வீட்டாரும் கூடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமை தாங்க யாரும் இல்லை. நாகரிகம் தெரிந்தவர்கள் என்ன செய்வார்கள்? யாராவது பேசிக்கொண்டிருந்தால் முடியும்வரை பொறுப்பார்கள். அமைதி நிலவும்போது பேசத் தொடங்குவார்கள். தற்செயலாக இருவர் ஒரே நேரத்தில் வாய் திறந்துவிட்டால் இருவருமே நிறுத்திக்கொள்வார்கள். பிறகு ஒருவர் சற்று முந்திக்கொள்வார், மற்றவர் கேட்பார்.

ஈதர்நெட் செய்ததும் இதுவே. ஹவாய் ஏற்பாட்டில் பேசும் முன் கேட்கும் வழக்கம் இல்லை. ஈதர்நெட் முதலில் கேட்டது. பேசும்போதும் கேட்டுக்கொண்டே இருந்தது. மோதல் தெரிந்தவுடன் நிறுத்தியது. பிறகு பொறுக்க வேண்டிய நேரத்தைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்தது. திரும்பத் திரும்ப மோதினால், கூட்டம் அதிகம் என்று புரிந்துகொண்டு, பொறுக்கும் கால வரம்பை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கியது. நெரிசல் கூடும்போது ஒவ்வொருவரும் தாமாகவே அடங்கிப் போகும் ஏற்பாடு இது.

மெட்காஃபும் போக்ஸும் 1976-ல் இதை ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளக் கம்பியில் சுமார் 100 கணினிகளை இணைத்துப் பெற்ற அனுபவம் அதில் இருந்தது.

ஒலிவாங்கி யார் கையில்?

இதற்கு நேர்மாறான கருத்துடையவர்களும் இருந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. ‘குருட்டாம்போக்கை நம்பி ஒரு வங்கியை நடத்த முடியுமா? ஒரு தொழிற்சாலையை ஓட்ட முடியுமா? என் முறை எப்போது வரும் என்று எனக்கு உறுதியாகத் தெரிய வேண்டாமா?’ என்று கேட்டார்கள்.

இவர்களின் விடை ‘டோக்கன்’ முறை. கருத்தரங்கில் ஒரே ஓர் ஒலிவாங்கி கைமாறி வருவது போல, வலையமைப்பில் டோக்கன் என்ற சிறு செய்தி ஒன்று கணினிக்குக் கணினி சுற்றி வரும். அது யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டுமே பேசலாம். பேசி முடித்ததும் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். மோதலுக்கே இடமில்லை. அமெரிக்காவின் டேட்டாபாயிண்ட் நிறுவனம் உருவாக்கிய ‘ஆர்க்நெட்’ இந்த வகையைச் சேர்ந்தது. அது 1977-ல் நியூயார்க்கின் சேஸ் மன்ஹாட்டன் வங்கியில் நிறுவப்பட்டது. பிறகு 1985-ல், அன்றைய கணினி உலகின் மாபெரும் நிறுவனமான ஐபிஎம், ‘டோக்கன் ரிங்’ என்ற வளைய வலையமைப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நெரிசல் மிகுந்த நேரத்தில் டோக்கன் ரிங் ஒழுங்காக இயங்கியது. அதன் பின்னால் ஐபிஎம் என்ற பெயரும் இருந்தது. அன்று யாரையாவது பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால், பலரும் ஐபிஎம் பக்கமே கட்டியிருப்பார்கள்.

கதவைத் திறந்த மூவர்

ஆனால் அதற்கு முன்பே ஒரு முக்கியமான காரியம் நடந்துவிட்டிருந்தது. 1979-ல் ஜெராக்ஸை விட்டு விலகிய மெட்காஃப், 3காம் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அத்துடன் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஒன்றுசேர்வதற்குத் தூண்டுகோலாகவும் இருந்தார். டிஜிட்டல் நிறுவனத்துக்குத் தன் கணினிகளை இணைக்க வேண்டும். இன்டெலுக்குச் சில்லுகள் விற்க வேண்டும். ஜெராக்ஸுக்கு அச்சு இயந்திரங்கள் விற்க வேண்டும். வலையமைப்பு பொதுவாக இருந்தால்தான் மூவருக்கும் வியாபாரம். 1980 செப்டம்பர் 30-ஆம் தேதி ஈதர்நெட்டின் முழு விவரங்களையும் மூவரும் சேர்ந்து அச்சிட்டு வெளியிட்டார்கள். வேகம் விநாடிக்கு ஒரு கோடித் துணுக்குகளாக உயர்ந்திருந்தது. ஜெராக்ஸ் தன் காப்புரிமையைப் பெயரளவுக் கட்டணத்துக்குப் பிறருக்கு வழங்கியது.

அதே ஆண்டு ஐ-ட்ரிபிள்-இ என்று அழைக்கப்படும் மின், மின்னணுப் பொறியாளர் கழகம் ‘802’ என்ற எண்ணில் ஒரு குழுவை அமைத்திருந்தது. எல்லாருக்கும் பொதுவான ஒரே தரத்தை வகுக்க வேண்டும் என்பதே நோக்கம். கூடிக் கூடிப் பேசியும் ஒரே முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில், அவரவர் வழியில் போங்கள் என்று தனித்தனிப் பிரிவுகளாகப் பிரித்துவிட்டார்கள். 802.3 ஈதர்நெட்டின் வழி. 802.5 டோக்கன் ரிங்கின் வழி. ஈதர்நெட் வழியிலான தரம் 1983-ல் ஏற்கப்பட்டது.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது ‘பேசுவது யாருக்கு?’ என்பதற்கும் அப்போதே நல்ல விடை கிடைத்தது. உலகில் தயாராகும் ஒவ்வொரு வலையமைப்புக் கருவிக்கும் 48 துணுக்கு நீளமுள்ள தனி முகவரி. முதல் பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும், மறுபாதி அவர் கொடுக்கும் வரிசை எண். மொத்தம் 281 லட்சம் கோடிக்கும் அதிகமான முகவரிகள். உங்கள் வீட்டு ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள். எண்ணும் எழுத்துமாகப் பன்னிரண்டு இடங்கள் கொண்ட ஒரு வரிசை அச்சிடப்பட்டிருக்கும். 1980-ல் வகுத்த அந்த முகவரி முறைதான் அது.

அலுவலகத்துக்குள் வந்த லேன்

1981-ல் ஐபிஎம் தனிநபர் கணினி விற்பனைக்கு வந்தது. சிறு நிறுவனங்களும் கணினி வாங்கத் தொடங்கின. ஆனால் தகவலைச் சேமிக்கும் வன்தட்டு விலை மிகுந்த பொருளாக இருந்தது. எல்லா மேசைக்கும் வன்தட்டு வாங்கக் கட்டுப்படியாகவில்லை. நல்ல வன்தட்டு உள்ள ஒரு கணினியை நடுவில் வைத்து, மற்றவை அதிலிருந்து எடுத்துக்கொண்டால் போதுமே! அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து நாவெல் நிறுவனம் 1983-ல் வெளியிட்ட ‘நெட்வேர்’ மென்பொருள் இதைத்தான் செய்தது. நடுவில் இருந்து கோப்புகளை வழங்கும் அந்தக் கணினிக்கு ‘சர்வர்’ என்று பெயர்.

இதனால் அலுவலக வேலையின் தன்மையே மாறியது. ஒரே கணக்கேட்டை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் கணக்கு குழம்பும் அல்லவா? ஒருவர் திருத்தும்போது அந்தப் பதிவை மற்றவருக்குப் பூட்டி வைக்கும் வசதி வந்தது. எந்தக் கோப்பை யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்ற அனுமதிகளும் வந்தன. ஒரு சிறு நிறுவனத்தின் கணக்குப் பிரிவும் சரக்குக் கிடங்கும் விற்பனை முகப்பும் ஒரே தகவலைப் பார்க்கத் தொடங்கியது இப்படித்தான்.

கம்பிதான் தொல்லை கொடுத்தது. முதலில் வந்த கம்பி விரல் பருமனில் இருந்தது. வளைப்பதே கடினம். அடுத்து வந்த மெல்லிய கம்பி மலிவானது, ஆனால் கணினிக்குக் கணினி தொடராகப் போகும். நடுவில் ஒருவர் இணைப்பைக் கழற்றினால் அந்த வரிசை முழுவதும் முடங்கிவிடும். 1990-ல் வந்த ‘10 பேஸ்-டி’ என்ற தரம் இதற்கு முடிவு கட்டியது. தொலைபேசிக் கம்பியைப் போன்ற முறுக்கிய இணைக் கம்பி, ஒவ்வொரு கணினியிலிருந்தும் நடுவில் உள்ள ஒரு பெட்டிக்கு 100 மீட்டருக்குள் தனியாகப் போகும். ஒன்று அறுந்தாலும் மற்றவை பேசிக்கொண்டே இருக்கும்.

மோதல் மறைந்தது, ஈதர்நெட் மறையவில்லை

அதே 1990-ல் கலிஃபோர்னியாவில் ஒரு சிறு நிறுவனம் நடுவில் இருக்கும் பெட்டிக்கு அறிவைக் கொடுத்தது. அந்த நிறுவனத்தின் பெயர் கல்பனா. நம் காதுக்குப் பழகிய பெயர். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் வினோத் பரத்வாஜ். அவர்கள் உருவாக்கிய ‘சுவிட்ச்’ எந்த முகவரி எந்தக் கம்பியில் இருக்கிறது என்பதைக் கற்றுக்கொண்டு, செய்தியை உரியவரின் கம்பியில் மட்டும் அனுப்பியது. சிஸ்கோ நிறுவனம் 1994-ல் கல்பனாவை வாங்கிக்கொண்டது.

இந்த மாற்றத்தின் பொருளைக் கவனியுங்கள். ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி, போகத் தனி வழி, வரத் தனி வழி என்றால் மோதல் எங்கே வரும்? கேட்டுப் பேசுவது, மோதினால் நிறுத்துவது, குருட்டாம்போக்கில் பொறுப்பது ஆகிய எதுவும் தேவையில்லை. 2002-ல் வந்த, விநாடிக்கு ஆயிரம் கோடித் துணுக்குகள் அனுப்பும் ஈதர்நெட் தரத்தில் மோதலைக் கண்டறியும் விதியே இடம்பெறவில்லை. எந்த யோசனையால் ஈதர்நெட் பிறந்ததோ, அந்த யோசனையையே அது உதிர்த்துவிட்டது!

அப்படியானால் டோக்கன் ரிங்கை ஈதர்நெட் வென்றது எதனால்? மோதல் விதி சிறந்தது என்பதனால் அல்ல என்று இப்போது தெரிகிறது. வென்றதற்குக் காரணம், மாறாமல் நின்ற இரண்டு விஷயங்கள். ஒன்று, செய்தியின் வடிவம். ஒரு பொட்டலத்துக்குள் அதிகபட்சம் 1,500 பைட் என்று 1980-ல் வகுத்த அளவு இன்றும் பொது அளவாக இருக்கிறது. யூனிகோடு முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் என்று கொண்டால், ஒரு பொட்டலத்துக்கு ஏறத்தாழ 500 குறியீடுகள். இரண்டு, திறந்த கதவு. யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்பதால் பல நிறுவனங்கள் போட்டியிட்டன, விலை இறங்கியது. டோக்கன் ரிங்கும் தரமாக்கப்பட்டதுதான். ஆனாலும் சந்தையில் அது பெரும்பாலும் ஐபிஎம் பொருளாகவே இருந்தது, விலையும் உயர்ந்தே இருந்தது.

1995-ல் ஈதர்நெட்டின் வேகம் பத்து மடங்கு கூடியது. 1998-ல் மீண்டும் பத்து மடங்கு. ஒவ்வொரு முறையும் புதிய கருவி பழைய கருவியோடு பேசியது. வாங்கியதை வீசாமல், சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ள முடிந்தது. டோக்கன் ரிங் மெல்ல மறைந்தது. மெட்காஃபுக்குக் கணினித் துறையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் 2022-ஆம் ஆண்டின் டூரிங் விருது வழங்கப்பட்டது.

மறுபடியும் காற்றில்

கம்பிக்குள் புகுந்த ஹவாய் யோசனை மறுபடி காற்றுக்கே திரும்பியது. 1985-ல் அமெரிக்க அரசு சில வானொலி அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. 1997-ல் 802.11 என்ற கம்பியில்லா லேன் தரம் வந்தது. 1999-ல் ‘வைஃபை’ என்ற பெயர் வந்தது. காற்றில் பேசிக்கொண்டே மோதலைக் கேட்பது கடினம். எனவே வைஃபை முடிந்தவரை மோதாமல் தவிர்க்கப் பார்க்கிறது. பேசும் முன் கேட்கிறது, சற்றுப் பொறுக்கிறது, ‘கிடைத்தது’ என்ற பதிலுக்குக் காத்திருக்கிறது. அடுக்குமாடி வீடுகளில் இரவு நேரத்தில் வைஃபை மந்தமாவதற்கு ஒரு காரணம், அக்கம்பக்கத்து வீடுகளின் கருவிகளும் அதே காற்றில் முறைக்காகக் காத்திருப்பதுதான். சிங்கப்பூரில் 2006 டிசம்பரில் தொடங்கிய வயர்லெஸ்@எஸ்ஜி திட்டம் இந்த வசதியைப் பொது இடங்களுக்குக் கொண்டுவந்தது.

நல்லெண்ணத்தின் விலை

இப்போது கவலைக்குரிய பகுதிக்கு வருகிறேன். முதல் ஈதர்நெட்டில் ஒருவர் பேசியது அந்தக் கம்பியில் இருந்த எல்லாக் கணினிக்கும் கேட்டது. உங்களுக்கு வராத செய்தியை நீங்கள் படிக்காமல் விட்டுவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில்தான் அது அமைக்கப்பட்டது. கட்டடத்துக்குள் இருப்பவர்கள் எல்லாரும் நம்மவர்கள் என்ற எண்ணம். ஓர் ஆய்வு மையத்தில் அது சரி. உலகமெங்கும் அதே அமைப்பு பரவியபோது அந்த நம்பிக்கையும் சேர்ந்தே பரவியது.

2016 அக்டோபரில், அமெரிக்காவில் பல பெரிய இணையத்தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. தாக்கியவை என்ன தெரியுமா? வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கண்காணிப்புக் கேமராக்களும் ரவுட்டர்களும்தான். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை உரிமையாளர்கள் மாற்றவே இல்லை. ‘மிராய்’ என்ற தீய நிரல் அவற்றைக் கைப்பற்றிப் படையாகத் திரட்டியது. 2017 மே மாதம் ‘வானாகிரை’ என்ற நிரல் பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் உட்படப் பல நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. ஒரு கணினிக்குள் நுழைந்ததும், கோப்புகளைப் பகிரும் அதே லேன் வசதியின் ஓட்டை வழியாக, அது பக்கத்துக் கணினிகளுக்குத் தானாகவே பரவியது.

நம் அருகிலேயே நடந்ததும் உண்டு. 2018-ல் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள் 15 லட்சம் நோயாளிகளின் சொந்த விவரங்களைத் திருடினார்கள். முதலில் சிக்கியது ஒரு பணிக் கணினி. அங்கிருந்து உள்ளே நகர்ந்து நகர்ந்து தகவல் களஞ்சியத்தை அடைந்தார்கள். வாசலில் மட்டும் காவல் போட்டுவிட்டு, உள்ளே வந்தவரை யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இவை சான்று. அதனால்தான் இன்று நிறுவனங்கள், உள்ளேயே இருந்தாலும் ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு முறையும் தன்னை அடையாளம் காட்ட வேண்டும் என்ற கொள்கைக்கு மாறி வருகின்றன.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை எளியவை. ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதன் மென்பொருளைப் புதுப்பியுங்கள். விருந்தினருக்கும், கேமரா, தொலைக்காட்சி போன்ற கருவிகளுக்கும் தனி வைஃபை பெயர் கொடுக்கும் வசதி பல ரவுட்டர்களில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால், மலிவான கேமராவுக்குள் புகுந்தவன் உங்கள் கணக்கு வழக்கு இருக்கும் கணினிக்குப் போவது கடினமாகும். முக்கியமான கோப்புகளின் நகல் ஒன்றை வலையமைப்பில் இணைக்காத வட்டில் வைத்திருங்கள். சிறு கடை நடத்துபவர்களும், கோயில், சங்க அலுவலகங்களை நடத்துபவர்களும் இதை இன்னும் அக்கறையோடு செய்ய வேண்டும். அவர்கள் கணினியில் இருப்பவை பிறருடைய பெயர்களும் தொலைபேசி எண்களும் கணக்குகளும் அல்லவா?

பொது விதியை எல்லார் கையிலும் கொடுத்ததால்தான் ஒரு சிறு கடைக்காரரும் மாபெரும் வங்கியும் இன்று ஒரே வகைக் கம்பியைப் பயன்படுத்துகிறார்கள். அந்தத் திறந்த மனத்தை நாம் இழந்துவிடக் கூடாது. அதே சமயம், நம் வலைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நம் கடமை. இன்றிரவே உங்கள் வீட்டு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, எத்தனை கருவிகள் இணைந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எது எதுவென்று பிள்ளைகளையும் உட்கார வைத்துச் சேர்ந்து கண்டுபிடியுங்கள். அடையாளம் தெரியாத ஒன்று இருந்தால், அது யாருடையது என்று தெரியும்வரை விடாதீர்கள்.